ட்யூப் ப்ரீஆம்ப்ல ஒவ்வொரு ஸ்டேஜும் என்ன பண்ணுது, அதை எப்படி கணக்கு போட்டு செக் பண்றது

ட்யூப் ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னாடி சிக்னலைத் தயார் பண்ற பெட்டி) வாங்கினவங்களும் சரி, கிட் வாங்கி சொந்தமா சால்டர் பண்றவங்களும் சரி, முதல்ல கேக்குறது "எந்த ட்யூப் போட்டா சவுண்டு நல்லா இருக்கும்"ங்கறதுதான். டெலிஃபங்கன், முல்லார்டுன்னு பழைய பிராண்டு ட்யூபைத் தேடித்தேடி ஆயிரக்கணக்குல காசு போடுறாங்க. நான் சொல்றது என்னன்னா, ட்யூபை மாத்துறதுக்கு முன்னாடி அதைச் சுத்தி இருக்குற ரெண்டு மூணு ரெசிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், அப்புறம் அதுக்கு அடுத்தாப்ல என்ன லோடு (அதோட சிக்னலை வாங்கிக்கற அடுத்த சர்க்யூட்) வந்து நிக்குது, இதைப் பாருங்க. ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு ட்யூபும் அதைச் சுத்தின பாகங்களும், நல்லா பாடுதா இல்லையாங்கறது முக்காவாசி அங்கதான் முடிவாகுது. இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. உள்ள 300 வோல்ட் டிசி ஓடுது, ஆளையே கொன்னுடும். பிளக்கை உருவிட்டாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் அப்படியே நிக்கும். அதனால சப்ளை கெப்பாசிட்டருக்குக் குறுக்க 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு நிரந்தரமா இருக்கணும், 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்னா ஒரு நிமிஷத்துல இறங்கிடும், ஆனா அதை நம்பியும் கை வைக்காதீங்க, மீட்டர்ல பாத்துட்டு அப்புறம் தொடுங்க. ஆன்ல வெச்சு அளக்கும்போது மீட்டரோட கறுப்பு லீடை க்ரோகடைல் கிளிப்ல கிரவுண்ட்ல மாட்டிட்டு சிவப்பு லீடை மட்டும் ஒரு கையில பிடிங்க, இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும்.

சரி, உதாரணத்துக்கு 12ஏஎக்ஸ்7 எடுத்துக்குவோம், ஐரோப்பாக்காரங்க இதையே இசிசி83ன்னு சொல்லுவாங்க. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு ட்ரையோடு (கேத்தோடு, கிரிட், பிளேட்னு மூணு பாகம் உள்ள ட்யூப்), மொத்தம் ஒம்பது பின். ஹீட்டர் சூடாகி கேத்தோடைச் சூடாக்கும், கேத்தோடுலேந்து எலக்ட்ரான் கிளம்பி பாசிடிவ் வோல்டேஜ்ல இருக்குற பிளேட்டுக்குப் போகும், நடுவுல கம்பிச்சுருளா கிரிட் நிக்கும். கிரிட்டை கேத்தோடைவிட கொஞ்சம் நெகடிவா வெச்சுட்டா அது எலக்ட்ரானை மறிச்சு மறிச்சு விடும், ஆனா தான் எதையும் இழுத்துக்காது. இதுதான் விஷயமே, கரண்ட்டே எடுக்காத ஒரு கம்பி இன்னொரு கரண்ட்டைக் கட்டுப்படுத்துது. லீ டி ஃபாரஸ்ட் 1906ல இந்த மூணாவது கம்பியை உள்ள வெச்சதுலேந்துதான் ஆம்ப்ளிஃபையர்ங்கற சங்கதியே ஆரம்பிக்குது.

பின் நம்பரை மனப்பாடமே பண்ணிக்கலாம்: 1 பிளேட், 2 கிரிட், 3 கேத்தோடு, இன்னொரு பாதிக்கு 6, 7, 8 அதே வரிசையில, 4, 5, 9 மூணும் ஹீட்டர். அடியிலேந்து பாக்கும்போது கடிகார முள் சுத்துற திசையில எண்ணணும், இடைவெளி பெருசா இருக்குற இடத்துலேந்து ஆரம்பிச்சு.

இப்போ ஒரு சாதாரண கெயின் ஸ்டேஜ், அதாவது சிக்னலைப் பெருசாக்குறது. சப்ளை 300 வோல்ட், அங்கேந்து பிளேட்டுக்கு 100 கிலோ ஓம், கேத்தோடுலேந்து கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓம், கிரிட்லேந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டா ட்யூப்ல ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர் ஓடும். அந்த 1 மில்லிஆம்பியர் 1.5 கிலோ ஓம் வழியா இறங்கும்போது கேத்தோடு 1.5 வோல்ட் மேல ஏறிடுது, கிரிட் 1 மெகா வழியா ஜீரோவுல உக்காந்திருக்கு, அப்போ கேத்தோடு கண்ணோட்டத்துல கிரிட் மைனஸ் 1.5. கிரிட்டை இப்படி நெகடிவா வைக்கற வோல்டேஜுக்குத்தான் பயாஸ்னு பேரு, அதுக்குத் தனியா பேட்டரி எதுவும் வேணாம், ட்யூப் தானே தன்னை நிறுத்திக்குது. பிளேட் ரெசிஸ்டர்ல 100 வோல்ட் இறங்கிப் போச்சு, பிளேட்ல மிச்சம் 200.

இப்ப சிக்னல் வந்து கிரிட்டை 0.1 வோல்ட் மேல தூக்குதுன்னு வைங்க. கரண்ட் 1 மில்லிஆம்பியர்லேந்து 1.06 ஆகும். வெறும் 0.06 தான், ஆனா அது 100 கிலோ ஓம் வழியா ஓடணுமே, அங்க 6 வோல்ட் கூடுதலா இறங்கும், பிளேட் 200லேந்து 194க்கு வந்துடும். உள்ள 0.1 போச்சு, வெளிய 6 வந்துச்சு, 60 மடங்கு. அதுவும் தலைகீழா வந்துச்சு கவனிங்க, கிரிட் ஏறினா பிளேட் இறங்கும்.

இந்த 60 எங்கேந்து வருதுன்னா, 12ஏஎக்ஸ்7ஓட மியூ (ட்யூபால அதிகபட்சமா குடுக்க முடிஞ்ச பெருக்கம்) 100, உள் ரெசிஸ்டன்ஸ் 62 கிலோ ஓம் அக்கம்பக்கம். 100ஐ 100 கிலோவால பெருக்கி, 100 கிலோவும் 62 கிலோவும் கூட்டினதால வகுத்தா 61 சொச்சம். பிளேட் ரெசிஸ்டரை எவ்வளவு பெருசாக்கினாலும் 100ஐத் தாண்டாதுங்கறதும் இதே கணக்குலயே தெரியும். ஆனா இந்த 60 கிடைக்கணும்னா கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்க 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கணும், இதைத்தான் பைபாஸ்னு சொல்றது. அதைக் கழட்டிட்டா சிக்னலோட சேர்ந்து கேத்தோடும் ஏறி இறங்கும், கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் குறைஞ்சிடும், கெயின் 32க்கு வந்துடும். அதுக்குப் பதிலா டிஸ்டார்ஷன் குறையும், கூடவே அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னல் வெளிய போற வழியில ஸ்டேஜுக்குள்ளயே இருக்குற தடை) 38 கிலோலேந்து 68 கிலோவுக்கு ஏறும். இந்தக் கடைசி விஷயத்தை நிறைய பேர் விட்டுடறாங்க, "கெப்பாசிட்டரை எடுத்துட்டேன் சவுண்டு க்ளீனா இருக்கு ஆனா ஏதோ உயிரே இல்ல"ன்னு சொல்றவங்க கேஸ் பாதி இதுதான்.

அவுட்புட் இம்பிடன்ஸ்தான் இந்தக் கட்டுரையோட மையம்னே சொல்லலாம், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். மாடியில ஒரு குழாய் மட்டும் திறந்திருக்கும்போது நல்லா வர்ற தண்ணி, கீழ பெரிய குழாயைத் திறந்ததும் நூலா ஆயிடும் இல்ல, பைப் ஒல்லியா இருந்தா. 38 கிலோங்கறது ரொம்ப ஒல்லி பைப். அடுத்து வர்றது இன்னொரு ட்யூபோட 1 மெகா கிரிட் ரெசிஸ்டர்னா அது தண்ணியே எடுக்காத குழாய், பிரச்சனையே இல்ல. அதே ஸ்டேஜை 10 கிலோ இன்புட் உள்ள ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப்புக்கு நேரா குடுத்தா, 10ஐ 48ஆல வகுங்க, சிக்னல்ல அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும். போச்சுன்னா சத்தம் மட்டும் போகல, ட்யூப் சின்ன லோடை இழுத்துட்டு ஓடுறதால டிஸ்டார்ஷனும் ஏறும்.

பேஸும் போகும். பிளேட்ல 200 வோல்ட் டிசி இருக்கறதால அதைத் தடுக்க கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டே ஆகணும். 0.1 மைக்ரோஃபாரட் போட்டு அடுத்து 1 மெகா இருந்தா 1.5 ஹெர்ட்ஸ்லதான் கட் ஆகும், காதுக்கு எட்டாத இடம். அதே 0.1 கெப்பாசிட்டருக்கு அப்புறம் 10 கிலோ லோடு வந்தா ஸ்டேஜோட 38 கிலோவும் சேர்ந்து மொத்தம் 48 கிலோ, கட் ஆகுற இடம் 33 ஹெர்ட்ஸ், அடி பேஸ் குறைய ஆரம்பிச்சிடும். 2.2 மைக்ரோஃபாரட் போட்டா 1.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். ஃபார்முலா ஒண்ணுதான், 1ஐ 6.28, மொத்த ரெசிஸ்டன்ஸ் (அவுட்புட் இம்பிடன்ஸும் லோடும் கூட்டினது), கெப்பாசிட்டன்ஸ் மூணோட பெருக்கலால வகுக்கணும். "ட்யூப்னா பேஸ் லூஸா இருக்கும், பேஸே வராது"ன்னு பேசுறதுல பாதி இந்தப் பொருத்தமில்லாத லோடோட வேலை.

அமெரிக்காவுல 1960கள்ல நிறைய வித்த டைனாகோ பாஸ்-3 ப்ரீஆம்ப்பை எடுத்துக்கோங்க, நாலு 12ஏஎக்ஸ்7 உள்ளது. அதோட ஜோடியா வந்த ஸ்டீரியோ 70 பவர் ஆம்ப்போட இன்புட் 470 கிலோ ஓம், ரெண்டும் சேர்ந்து அழகா பாடும். அதே பாஸ்-3ஐ இன்னிக்கு 10, 20 கிலோ இன்புட் உள்ள பவர் ஆம்ப்ல மாட்டிட்டு "பழைய டிசைன் சரியில்ல"ன்னு சொல்றது நியாயமே இல்ல, டிசைன் பண்ணவங்க நினைச்ச லோடு வேற.

இதுக்கு வழி கேத்தோடு ஃபாலோயர். இது கெயின் குடுக்காத ஸ்டேஜ், பிளேட்டை நேரா சப்ளையில கட்டிட்டு அவுட்புட்டை கேத்தோடுலேந்து எடுக்கறது. உள்ள 1 வோல்ட் போனா வெளிய 0.9 சொச்சம், தலைகீழாவும் ஆகாது, ஆனா அவுட்புட் இம்பிடன்ஸ் 500, 600 ஓமுக்கு இறங்கிடும். 38 கிலோ எங்க, 600 ஓம் எங்க! நடுவுல கெப்பாசிட்டர்கூட வேணாம், முதல் ஸ்டேஜோட பிளேட்ல இருக்குற 200 வோல்ட்டை அப்படியே ஃபாலோயரோட கிரிட்டுக்கு ஒயர் போட்டுக் குடுத்துடலாம், கேத்தோடு 200க்கு ரெண்டு மூணு வோல்ட் மேல போய் உக்காந்துக்கும். இந்த இடத்துக்கு 12ஏயூ7, அதாவது இசிசி82 பொருத்தம், கேத்தோடுல 47 கிலோ ஓம் போட்டா 4 மில்லிஆம்பியர் சொச்சம் ஓடும். அந்த ரெசிஸ்டர்ல மட்டும் கிட்டத்தட்ட 0.9 வாட் சூடாகும், அதனால 3 வாட் போடுங்க, கால் வாட் போட்டா கருகிடும்.

இதுல ரெண்டு ஆபத்து இருக்கு, சில கிட்ல ரெண்டையுமே கவனிக்கறதில்ல. முதல்ல, கேத்தோடு 200 வோல்ட்ல இருக்கு, ஹீட்டர் கிரவுண்ட்ல இருக்கு, நடுவுல ஒரு மெல்லிசான இன்சுலேஷன்தான். அது தாங்குறது 180 வோல்ட். நாள்பட சத்தம் வரும், அப்புறம் ஷார்ட்டே ஆகலாம். அதனால ஹீட்டர் சப்ளையையே கிரவுண்ட்லேந்து மேல தூக்கி வைக்கணும். 300 வோல்ட்லேந்து 330 கிலோவும் 100 கிலோவும் சீரியஸா கிரவுண்டுக்குப் போட்டா நடுவுல 70 வோல்ட் கிடைக்கும், 100 கிலோவுக்குக் குறுக்க 10 மைக்ரோஃபாரட் 160 வோல்ட் கெப்பாசிட்டர், அந்த 70ஐ ஹீட்டர் லைனோட சென்டர் டேப்ல (ட்ரான்ஸ்ஃபார்மர் ஹீட்டர் வைண்டிங்கோட நடு முனை) கட்டிடுங்க. இப்ப ஃபாலோயருக்கு வித்தியாசம் 130தான், முதல் ட்யூப்புக்கும் 70, ரெண்டும் பத்திரம். தூக்கி வெச்சதுல ஹம்மும் குறையும்.

இன்னொண்ணு, ஆன் பண்ணின முதல் பத்து இருபது செகண்ட். ட்யூப் இன்னும் சூடாகல, கரண்ட் இல்ல, அதனால பிளேட் ரெசிஸ்டர்ல எதுவும் இறங்காம முழு 300ம் ஃபாலோயர் கிரிட்ல நிக்கும், கேத்தோடோ ஜீரோவுல இருக்கும். உள்ளயே பொறி பறக்க வாய்ப்பு இருக்கு. கிரிட்லேந்து கேத்தோடுக்கு ஒரு 1என்4007 டயோடு போடுங்க, வெள்ளைக் கோடு இருக்குற பக்கம் கேத்தோடை பாத்து இருக்கணும். சாதாரண நேரத்துல அது தூங்கும், ஸ்டார்ட்டிங்ல மட்டும் காப்பாத்தும். இதே காரணத்துக்காகத்தான் கப்ளிங் கெப்பாசிட்டரை 200 வோல்ட் ரேட்டிங் பாத்து வாங்கக் கூடாது, 400க்குக் கீழ வேணவே வேணாம், 630 இருந்தா நிம்மதி.

இன்புட் பக்கம் வருவோம், வால்யூம் பாட், அதாவது நாப்ல திருப்புற ரெசிஸ்டர். கிரிட் கரண்ட் இழுக்காதுன்னு சொன்னேன், டிசிக்கு அது சரி, ஆனா ஹை ஃப்ரீக்வென்சியில இழுக்கும். கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல 1.7 பிக்கோஃபாரட் இருக்கு, பிளேட் 60 மடங்கு எதிர்ப்பக்கமா ஆடுறதால அது கிரிட்டுக்கு 61 மடங்கா பெருகித் தெரியும், 100 பிக்கோஃபாரட்டைத் தாண்டிடும், ஒயர் சாக்கெட்டெல்லாம் சேத்தா 120ன்னு வைங்க. இதுதான் மில்லர் எஃபெக்ட். 1 மெகா பாட் போட்டிருந்தா மோசமான இடத்துல அது 250 கிலோ மாதிரி நிக்கும், 120 பிக்கோவோட சேந்தா 5 கிலோஹெர்ட்ஸ்லயே ட்ரெபிள் சரிய ஆரம்பிச்சிடும். 100 கிலோ பாட் போட்டா அதே கணக்கு 53 கிலோஹெர்ட்ஸ். "ட்யூபோட வார்ம் சவுண்டு"ன்னு ரசிக்கற விஷயம் சில செட்ல வெறும் தப்பான பாட் வேல்யூதான், மாத்திப் பாத்தா வயலின் திடீர்னு திறந்து பாடும்.

கெயின் எவ்வளவு வேணும்னு யோசிக்காமலே நிறைய பேர் 12ஏஎக்ஸ்7 போடுறாங்க. சிடி ப்ளேயரும் டாக்கும் (டிஜிட்டலை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) 2 வோல்ட் குடுக்குது. பெரும்பாலான பவர் ஆம்ப் 1 வோல்ட், 2 வோல்ட்லயே முழுசா ஓடிடும். அப்போ 60 மடங்கு எதுக்கு? வால்யூம் நாப் எப்பவும் ஆரம்பத்துலயே நிக்கும், அந்த இடத்துலதான் பாட்டோட லெஃப்டும் ரைட்டும் சமமா இருக்காது, பாடகர் குரல் ஒரு பக்கம் ஒதுங்கும். ட்யூபோட இரைச்சலும் வால்யூமுக்கு அப்புறம்தான் சேருது, அதைக் குறைக்கவும் வழியில்ல. சிடி மாதிரி சிக்னலை வாங்கற லைன் ஸ்டேஜுக்கு 12ஏயூ7 எடுங்க, மியூ 17, பிளேட்ல 47 கிலோ, கேத்தோடுல 1.5 கிலோ. பைபாஸோட 14, பைபாஸ் இல்லாம 9, 10 மடங்கு. அதுவே ஜாஸ்திதான், இருந்தாலும் சமாளிக்கலாம்.

12ஏஎக்ஸ்7க்கு உண்மையான இடம் ஃபோனோ, அதாவது ரெகார்டு ப்ளேயருக்கான ஸ்டேஜ். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடிச்சிருக்குற பாகம்) 5 மில்லிவோல்ட் குடுக்கும், அதை 40 டெசிபல், அதாவது 100 மடங்காவது தூக்கணும். அது மட்டும் போதாது, ரெகார்டு வெட்டும்போது பேஸைக் குறைச்சு ட்ரெபிளைத் தூக்கி வெட்டுவாங்க, ஆர்ஐஏஏ கர்வ்படி அதைத் திருப்பணும், 50, 500, 2122 ஹெர்ட்ஸ் மூணு திருப்பம். 20 ஹெர்ட்ஸ்ல 1 கிலோஹெர்ட்ஸைவிட 19 டெசிபல் மேல, 20 கிலோஹெர்ட்ஸ்ல 19 சொச்சம் கீழ. ரெண்டு 60 மடங்கு ஸ்டேஜ் வரிசையா போட்டா 3600 வரும்போல தெரியும், ஆனா இந்தத் திருத்தத்துக்கே நிறைய செலவாயிடும். 1958ல வந்த மராண்ட்ஸ் 7ல ஒரு சேனல் ஃபோனோவுக்கு மூணு ட்ரையோடு: ரெண்டு கெயின், மூணாவது கேத்தோடு ஃபாலோயர், அங்கேந்து ஃபீட்பேக் பின்னாடி போய் ஆர்ஐஏஏவைத் திருத்துது. ஃபீட்பேக் நெட்வொர்க்கும் ஒரு லோடுதான், அதை ஓட்ட பலமான அவுட்புட் வேணும்னு ஃபாலோயர் போட்டது எவ்வளவு தெளிவான யோசனை பாருங்க. இன்னிக்கும் அந்த சர்க்யூட்டை காப்பி பண்றாங்கன்னா சும்மா இல்ல.

ஹம் வந்தா முதல்ல அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸான்னு காதால பிரிச்சுப் பழகுங்க. அடித்தொண்டையில "ம்ம்ம்"னு இருந்தா 50, அது ஹீட்டர் ஒயரோ ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கறதோ கிரவுண்ட் லூப்போ. ஒரு ஆக்டேவ் மேல கொஞ்சம் கரகரப்பா இருந்தா 100, அது பவர் சப்ளை ரிப்பிள், அதாவது டிசியில மிச்சம் நிக்குற ஏசி அலை. பைபாஸ் போட்ட 12ஏஎக்ஸ்7 ஸ்டேஜ்ல சப்ளை ரிப்பிள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பிளேட்ல அப்படியே வந்து நிக்கும், அதனால ஸ்டேஜுக்கு முன்னாடி 10 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ஃபில்டர் ஒண்ணு கூடுதலா போடுங்க. 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் 300ல ஒரு பங்காயிடும், செலவு ரொம்பக் கம்மி. 1 மில்லிஆம்பியருக்கு 10 வோல்ட் அதுல இறங்கும், அதைக் கணக்குல வெச்சுக்கோங்க.

ஹீட்டருக்கு ஏசின்னா ரெண்டு ஒயரையும் இறுக்கமா முறுக்கி சேஸிஸ் மூலையோட ஒட்டி ஓட்டணும், கிரிட் ஒயர் பக்கமே வரக் கூடாது. ஃபோனோவுக்கு டிசியே நல்லது. பின் 4க்கும் 5க்கும் நடுவுல 12.6 வோல்ட் 150 மில்லிஆம்பியர், இல்ல 4ஐயும் 5ஐயும் சேத்துட்டு 9க்கு எதிரா 6.3 வோல்ட் 300 மில்லிஆம்பியர். 7812 ரெகுலேட்டர் போட்டு 12 வோல்ட் குடுத்தா போதும், அஞ்சு சதவீதம் குறைவு பரவாயில்ல. டிசியில சென்டர் டேப் கிடையாது, அந்த 70 வோல்ட்டை ரெகுலேட்டரோட கிரவுண்ட் பின்ல கட்டுவீங்க. 7812ஓட உலோக முதுகும் உள்ளேந்தே அந்தக் கிரவுண்ட் பின்னோட சேந்ததுதான், நேரா சேஸிஸ்ல திருகினா தூக்கி வெச்ச 70 வோல்ட் அங்கயே ஷார்ட். மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு மாட்டி, மீட்டர்ல கன்டின்யூட்டி இல்லன்னு பாத்துட்டு ஆன் பண்ணுங்க.

எல்லாம் முடிஞ்சதும் மீட்டரை எடுங்க. 12ஏஎக்ஸ்7 ஸ்டேஜ்ல பின் 1லயும் 6லயும் 200 பக்கம், 3லயும் 8லயும் 1.5 பக்கம், 2லயும் 7லயும் ஜீரோ. பத்து இருபது சதவீதம் முன்னப்பின்ன இருக்கறது சகஜம், ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பிளேட்ல முழு 300ம் இருந்து கேத்தோடுல எதுவும் இல்லன்னா ட்யூப்ல கரண்ட்டே ஓடல, ஹீட்டர் எரியுதா பாருங்க. பிளேட் ரொம்ப இறங்கி கேத்தோடு ஏறியிருந்தா கிரிட்டைப் பாருங்க, அங்க அரை வோல்ட் பாசிடிவ் தெரிஞ்சாலே முன்னாடி இருக்குற கப்ளிங் கெப்பாசிட்டர் கசியுதுன்னு சந்தேகப்படுங்க, பழைய செட்ல அதான் முதல் குற்றவாளி.

இதெல்லாம் சரியா இருந்த அப்புறம் ட்யூப் மாத்திப் பாக்கலாம், அப்பதான் வித்தியாசம் ட்யூபோடதுன்னு சொல்ல முடியும். பென்சில் பின்பக்கத்தால ட்யூபை லேசா தட்டுங்க, ஸ்பீக்கர்ல மணி மாதிரி ரொம்ப நேரம் ஒலிச்சா அதை ஃபோனோ முதல் ஸ்டேஜ்ல போடாதீங்க, பின்னாடி ஸ்டேஜுக்குத் தள்ளுங்க. இன்னிக்கு ஸ்லோவாக்கியா ஜேஜே, ரஷ்யாவோட சரட்டோவ்ல தயாராகறது ரெண்டுமே இந்த வேலைக்குத் தாராளமா போதும், பழைய பேர் அச்சடிச்ச போலி நிறைய சுத்துது. கண்ணாடி உச்சியில வெள்ளி மாதிரி இருக்குற பூச்சு பால் வெள்ளையா மாறியிருந்தா காத்து உள்ள போயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க. இசிசி88ம் அதே ஒம்பது பின்தானேன்னு 12ஏஎக்ஸ்7 சாக்கெட்ல மட்டும் சொருகாதீங்க, அதுக்கு ஹீட்டர் 4, 5ல 6.3 வோல்ட், 9 வெறும் ஷீல்டு, பிளேட் தாங்குறதே 130 வோல்ட்.

அவுட்புட்ல கெப்பாசிட்டருக்கு அப்புறம் கிரவுண்டுக்கு 1 மெகா ஒண்ணு கட்டாயம், இல்லன்னா கேபிளை மாட்டும்போதே "டப்"புன்னு அடிக்கும். அதுவும் போதாது, ட்யூப் சூடாகுற நேரத்துல அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது பெரிய வோல்டேஜ் வெளிய தள்ளும், 40 செகண்ட் டிலே வெச்ச ரிலே ஒண்ணு அவுட்புட்டை கிரவுண்ட் பண்ணி வெச்சிருந்து அப்புறம் விடுறதுதான் சரியான வழி, கெப்பாசிட்டருக்கு அப்புறம் சின்னதா 470 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சீரியஸா போட்டு ரிலேயை அதுக்கும் பின்னாடி வைங்க. ரிலே இல்லாத செட்டுன்னா முதல்ல ப்ரீஆம்ப், ஒரு நிமிஷம் கழிச்சு பவர் ஆம்ப், ஆஃப் பண்ணும்போது பவர் ஆம்ப்பை முதல்ல.